இடது ஜன்னலில் ஆள் இல்லாத லாரி

நாற்கரச் சாலையில் அடிக்கடி கார் ஓட்டுகிறவர்களிடம் லாரிகளைப் பற்றி லேசாகப் பேச்சுக் கொடுத்தால் போதும், கொட்டித் தீர்த்துவிடுவார்கள். வலது தடத்தில் ஐம்பதில் போய்க்கொண்டிருப்பார்கள், எவ்வளவு லைட் அடித்தாலும் வழி விடமாட்டார்கள். இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறுவார்கள். எதிரே வண்டி வந்தாலும் பிரைட்டைக் குறைக்க மாட்டார்கள். பழுதான வண்டியை விளக்குகூடப் போடாமல் ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இப்படிச் சொல்கிறவர்களின் அப்பாக்கள் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்: ராத்திரிப் பயணத்தில் நிதானமாகப் போகிற லாரி ஒன்றைப் பார்த்து அதன் பின்னாலேயே போய்விடு, பத்திரமாக வீடு சேரலாம். ஒரு தலைமுறைக்குள் வழித்துணை எமனாகிவிட்டது.

பழைய காலத்தைப் புகழ்வது எல்லாத் தொழிலிலும் உண்டு. அதனால் இந்தப் பேச்சைக் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். ஆனால் இந்தக் குறையைச் சொல்வது கார்க்காரர்கள் மட்டுமில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலிலேயே பழுத்தவர்கள் இன்னும் கடுமையாகச் சொல்வார்கள். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள், தென்மாநிலங்களுக்கெல்லாம் சமையல் எரிவாயு கொண்டுபோகும் புல்லட் டேங்கர்கள் என்று அந்த வட்டாரத்தின் பிழைப்பே சக்கரத்தின் மேல்தான் ஓடுகிறது. அங்கே ஓய்வுபெற்ற டிரைவர்களின் குறை ஒன்றுதான்: ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்கள் வருகிறார்கள், ரோடு தெரிந்தவர்கள் வருவதில்லை.

பசங்களுக்குப் பொறுப்பில்லை, எப்போதும் செல்போன், எப்போதும் ரீல்ஸ் என்பது வழக்கமான விளக்கம். செல்போன் பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் அது எல்லார் கையிலும் இருக்கிறது. லாரியில் மட்டும் நடந்த மாற்றம் வேறு. டிரைவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்த ஆள் காணாமல் போனார். ரோட்டு மரியாதை என்று நாம் இன்று தேடுவதில் பெரும்பகுதி அந்த இடது ஸீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட தொழில்தான் என்று நினைக்கிறேன்.

கிளீனர் என்றால் வண்டி கழுவுகிற பையன் என்றுதான் வெளியே நினைப்பு. கழுவுவது அவர் வேலையில் சின்னப் பங்கு. லாரியின் கேபின் உயரம். டிரைவர் வலது மூலையில் உட்கார்ந்திருக்கிறார். இடது முன்சக்கரத்தை ஒட்டி ஒரு மொபெட்டோ நடந்துபோகும் பாட்டியோ இருந்தால் அவர் இருக்கையிலிருந்து கண்ணுக்கே தெரியாது. கண்ணாடியிலும் அந்த இடம் சரியாக விழாது. அந்தக் குருட்டு மூலைக்குக் கண்ணாக இருந்தவர் கிளீனர். கடைவீதியில் திருப்பும்போது கீழே குதித்துப் பின்னால் ஓடுவார், ‘வரலாம், வரலாம்’ என்று குரல் கொடுப்பார், போதும் என்றால் பாடியில் ஒரு தட்டு. இடது பக்கம் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிப் பின்னால் வருகிறவர்களை நிறுத்தி வைப்பார். இரு வழிச் சாலையில் முன்னால் ரோடு காலியாக இருந்தால், பின்னால் தவித்துக்கொண்டிருக்கும் பஸ்ஸுக்கோ காருக்கோ ‘போ’ என்று டிரைவர் கை காட்டுவார். இந்தக் கை காட்டல் பெருந்தன்மை மட்டுமில்லை. பின்னால் வருகிறவரை முந்தச் சொல்ல வலது கையை வெளியே நீட்டி முன்னும் பின்னுமாக அரைவட்டமாக வீச வேண்டும் என்று 1989-ம் ஆண்டின் சாலை விதிகளிலேயே எழுதியிருந்தது. அன்றைக்கு அதை எல்லா லாரிக்காரரும் செய்தார்கள், விதியைப் படித்து இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து.

ரோட்டில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதும் அப்படித்தான் வந்தது. கிளீனர் முதலில் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். அப்புறம் பக்கத்து மரத்தில் கிளை ஒடித்து வண்டியின் பின்னால் செருகுவார், இன்னும் பின்னால் போய்த் தள்ளித் தள்ளிக் கல் வைத்து வருவார். ராத்திரியில் அந்த இலைக்கொத்து பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். பழுது நீங்கிக் கிளம்பும்போது அந்தக் கல்லையெல்லாம் உதைத்து ஓரம் தள்ளிவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும். மறந்தால் டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். இன்று தனியாக ஓட்டுகிற டிரைவர் வண்டியையும் விட முடியாமல், மெக்கானிக்கையும் கூப்பிட வேண்டிய நிலையில், ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு நடக்கிறார். பாட்டரி இறங்கினால் விளக்கும் போயிற்று. வண்டி கிளம்பிய பின்னும் நடுரோட்டில் கற்கள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் வைக்க ஓர் ஆள் எப்படியாவது கிடைத்துவிடுவார், எடுக்கத்தான் ஆள் இல்லை.

இந்தப் பழக்கங்களோடு இரண்டு மூன்று வருடம் இடது ஜன்னலிலிருந்து ரோட்டைப் பார்த்த பிறகுதான் ஒருவருக்கு ஸ்டியரிங் கிடைக்கும். முதலில் ஷெட்டுக்குள் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்துவது. அப்புறம் காலி வண்டி, விடிகாலை, நேர் ரோடு. அப்புறம் பாதி லோடு. மலைப்பாதையும் ஊருக்குள் ஓட்டுவதும் கடைசிப் பாடங்கள். ஹெவி லைசென்ஸ் கையில் வருவதற்கு முன்பே எந்த ஊர் வளைவில் மாடு நிற்கும், எந்தப் பாலம் குறுகல், எங்கே பள்ளிக்கூடம் விடும் நேரம் என்பதெல்லாம் உடம்பில் ஏறியிருக்கும்.

அதற்காக அந்த முறையைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. பதினான்கு வயதுப் பையன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள், சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தார்ப்பாயின் மேல் தூக்கம், தப்புச் செய்தால் ஸ்பேனர் பறந்து வரும். குடித்துவிட்டு ஓட்டிய குருமார்களும் இருந்தார்கள், சீடர்கள் அதையும் சேர்த்தே கற்றார்கள். அந்தப் பையன்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது நல்ல காரியம். நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் முளைத்த பள்ளிகளையும் பொறியியல் கல்லூரிகளையும் பாருங்கள், லாரிக்காரர்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தெரியும். தவறு எங்கே என்றால், அந்த இடது ஸீட்டுப் பள்ளியை மூடினோம், பதிலுக்கு வேறொன்றைத் திறக்கவில்லை.

திறந்ததாகக் காகிதத்தில் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி டிரைவிங் ஸ்கூலில் கனரக வாகனப் பயிற்சி குறைந்தது 30 நாள் நடக்க வேண்டும், அதில் உண்மையாக ஓட்டுகிற நேரம் குறைந்தது 15 மணி. பாடத்திட்டத்தில் மற்ற சாலை உபயோகிப்பாளர்களிடம் மரியாதையாக நடந்துகொள்வது பற்றிக்கூட ஒரு பகுதி உண்டு. அந்த 15 மணி நேரம் முழுமையாகக் கொடுக்கப்பட்டால்கூட, அது பெரும்பாலும் காலி வண்டியில். காலியாக இருக்கும் லாரிக்கும் அதே லாரி 28 டன்னாக இருக்கும்போதும் பிரேக் பிடிக்கிற தூரம் வேறு, வளைகிற விதம் வேறு, இறக்கத்தில் குணமே வேறு. முழு லோடோடு ஒருநாள்கூட ஓட்டாமல் ஒருவர் கனரக ஓட்டுநராகிவிட முடிகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் 1990-களின் நடுவிலிருந்தே இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. அந்த மாதிரி இடங்களில் படித்து வருகிறவர்கள் தனியாகத் தெரிவார்கள். ஆனால் இந்தத் தொழிலுக்கு வருகிற கூட்டத்துக்கு அவை எந்த மூலைக்கு?

வணிக வாகன லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த நிபந்தனையை 2019-ல் மத்திய அரசு எடுத்தது. ஓட்டுநர் பற்றாக்குறை ஒரு காரணம், ஹரியானா அரசு மேவாத் பகுதி மக்களுக்காகக் கேட்டது இன்னொரு காரணம். படிக்காதவர்களை விட்டதால்தான் தரம் போயிற்று என்று அப்போது பலர் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்டாம் வகுப்பு கூடப் படிக்காத பழைய டிரைவர்கள்தான் நாம் இன்று ஏங்குகிற அந்த மரியாதைக்காரர்கள். படிப்புக்குப் பதில் பயிற்சியையும் திறன் சோதனையையும் இறுக்கிப் பிடிப்போம் என்று அரசு அன்று சொன்னதே, அதை எந்த அளவுக்குச் செய்தது என்றுதான் கேட்க வேண்டும்.

சரி, கிளீனர் ஏன் போனார்? கொஞ்சம் தொழில்நுட்பம். பவர் ஸ்டியரிங் வந்தது, டியூப்லெஸ் டயர் வந்து பஞ்சர் குறைந்தது, கண்டெய்னர் பாடிக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டியதில்லை. மீதியெல்லாம் காசு. வாடகையை முடிவு செய்வது லாரி உரிமையாளர் இல்லை, லோடு கொடுப்பவரும் புக்கிங் ஆபீஸும்தான். நம்மூரில் பெரும்பாலான உரிமையாளர்களிடம் ஒன்றிரண்டு வண்டி, மிஞ்சினால் நாலைந்து. தவணை, காப்பீடு, டயர், 90 ரூபாயைத் தாண்டிய டீசல், வருடா வருடம் ஏறும் டோல், இதில் எதையும் அவரால் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது கேபினுக்குள் இருந்த ஆட்களைத்தான். முதலில் கிளீனர் போனார், பிறகு இரண்டாவது டிரைவர்.

இரண்டாவது டிரைவர் ஒரு காலத்தில் சட்டப்படிக் கட்டாயம். நாடு முழுக்க ஓட அனுமதி வாங்கிய நேஷனல் பர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும், ஒருவர் காலை நீட்டிப் படுக்க ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் முழு அகலத்துக்குப் படுக்கை இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. நடைமுறையில் அது எப்போதோ தேய்ந்துவிட்டது, 2018-ல் விதியையே எடுத்துவிட்டார்கள். அதே 2018-ல்தான் லாரிகள் ஏற்றலாம் என்ற எடை வரம்பும் கூடியது. பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னுக்குப் போனது. ஒரே வருடத்தில் மூன்றரை டன் ஏற்றி ஓர் ஆளை இறக்கினோம். இரண்டுக்கும் தனித்தனியாக நியாயம் சொல்லலாம். வரம்பு ஏறாவிட்டாலும் அதிக பாரம் ஏற்றத்தான் செய்தார்கள், இரண்டு டிரைவர் விதியை யாரும் மதிக்கவும் இல்லை. ஆனால் சேர்த்துப் பார்க்கும்போது கணக்கு இடிக்கிறது.

தனியாக ஓட்டுகிறவரின் நாள் எப்படிப் போகிறது? 2020-ல் சாலைப் பாதுகாப்புக்காக வேலை செய்யும் சேவ்லைஃப் அறக்கட்டளை பத்து நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரி ஓட்டுநர்களிடம் எடுத்த ஆய்வில், சராசரியாக நாளுக்கு ஏறக்குறைய 12 மணி நேரம் ஓட்டுவதாகத் தெரிந்தது. கிட்டத்தட்டப் பாதிப்பேர் களைப்போ தூக்கமோ வந்தாலும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கோ உறவினருக்கோ இந்த வேலையைச் சொல்ல மாட்டோம் என்றவர்கள் 84 சதவீதம். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. நெடுந்தூரத்துக்குக் கொஞ்சம் தளர்வு இருந்தது, ஆனாலும் 12 மணி இல்லை. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சட்டம் என்பதால், இரண்டு வண்டி வைத்திருக்கும் நம்மூர் உரிமையாளரிடம் அது வாசலோடு நின்றுவிட்டது.

12 மணி நேரத்தை விட அந்த நேரம் எப்படிக் கழிகிறது என்பது முக்கியம். லோடு ஏற்ற ஒரு நாள் காத்திருப்பு, இறக்க இன்னொரு நாள். தொழிற்சாலை வாசலில் வெயிலில் நிற்கும் அந்த நேரத்துக்குப் பலருக்குக் காசு கிடையாது. டிரிப்புக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு, வாடகையில் இத்தனை சதவீதம் என்று எப்படிப் பேசினாலும் சக்கரம் சுற்றினால்தான் வருமானம். ஆக, வாசலில் போன நேரத்தை ரோட்டில்தான் பிடிக்க வேண்டும். வண்டியில் ஜிபிஎஸ் இருக்கிறது. டீக்கு நிறுத்தினால் கால்மணியில் ஏன் நிற்கிறது என்று போன் வரும், அந்தப் போனை ஓட்டிக்கொண்டே எடுப்பார். இந்த நிலைமையில் இருக்கிறவரிடம், பின்னால் வருகிறவருக்கு வழிவிட வேகத்தைக் குறை என்று சொன்னால், அவர் பாக்கெட்டிலிருந்து காசு எடுத்துக் கொடு என்று சொல்வதாகத்தான் அவர் காதில் விழும்.

வலது தடப் பிடிவாதத்துக்கும் அடி இங்கேதான் இருக்கிறது. நாற்கரச் சாலையில் கனரக வண்டிகள் இடது தடத்தில் போக வேண்டும், முந்த மட்டும் வலது. சொல்லச் சுலபம். நம் இடது தடத்தில் என்னென்ன இருக்கின்றன என்று லாரி கேபினிலிருந்து பார்க்க வேண்டும். எதிர்த்திசையில் வரும் பைக், சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று ஏறும் ஷேர் ஆட்டோ, பாலத்துக்கடியில் ஆள் ஏற்ற நிற்கும் பஸ், ஓட்டல் வாசலில் பாதி தாருக்குள் நிற்கும் இன்னொரு லாரி. ஒவ்வொன்றுக்கும் வேகத்தைக் குறைத்து, கியர் இறக்கி, வலது பக்கம் வந்து, மறுபடி வேகம் பிடித்தால், லோடு வண்டி குடிக்கிற டீசல் கொஞ்சமில்லை. கிலோமீட்டருக்கு இவ்வளவு டீசல் என்று கணக்குப் பேசி விடுகிற உரிமையாளரிடம் அந்த நஷ்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர். அதனால் வலது தடத்தில் ஐம்பதில் உட்கார்ந்துகொள்கிறார். கார்க்காரருக்குக் கோபம் வந்து இடது பக்கமாக முந்துகிறார், குருட்டு மூலை இருக்கும் அதே இடது பக்கம். முன்பு அந்த மூலையில் ஓர் ஆள் இருந்தார்.

காரணம் புரிகிறது என்பதால் செய்வது சரியாகிவிடாது. பின்னால் பத்து வண்டி சேர்ந்த பிறகாவது ஒதுங்கிவிட்டு மறுபடி வரலாம், கண்ணாடியைப் பார்க்கிற டிரைவர் அதைச் செய்கிறார். இன்றும் அப்படிச் செய்கிறவர்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் சொந்த வண்டியைத் தாங்களே ஓட்டுகிறவர்களாகவோ, தலை நரைத்தவர்களாகவோ இருக்கிறார்கள்.

பிரைட் விவகாரம் கொஞ்சம் வேறு. இரு வழிச் சாலையில் எதிரே வண்டி வந்தால் டிம் செய்யாமல் இருக்கவே முடியாது. செய்யாதவனுக்கு எதிரில் வருகிறவன் பதிலுக்கு பிரைட் அடித்துக் கண்ணைக் கட்டிவிடுவான். தண்டனை அந்த நொடியே கிடைத்துவிடும். நாற்கரச் சாலை வந்த பிறகு நடுவில் செவ்வரளி வைத்தார்கள், எதிர்ப்பக்க வெளிச்சத்தை அது மறைக்கும் என்று. மறைத்தது, கூடவே டிம் செய்கிற பழக்கத்தையும் சேர்த்து மறைத்துவிட்டது. அரளி காய்ந்துபோன இடங்களில் அந்த வெளிச்சம் நேராகக் கண்ணில் குத்துகிறது. இதில் கார்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை, கூடுதல் எல்இடி விளக்குப் போட்ட கார்கள்தான் இன்று லாரி டிரைவர்களின் பெரிய புகார்.

மரியாதை என்பதைத் தாண்டி உயிரோடு விளையாடும் இடம் மலை இறக்கம். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய். பெங்களூர்ப் பக்கமிருந்து பாரத்தோடு இறங்கும் லாரி, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளை வாரிக்கொண்டு போவது அங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நடந்தவை வெளி மாநிலங்களிலும் செய்தியாயின. அடிக்கடி சொல்லப்படும் காரணம், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது. பாரத்தோடு இறங்கும்போது கீழ் கியரில் போட்டு எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட வேண்டும், எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கால் பிரேக்கை அளவாகத் தொட வேண்டும். நியூட்ரலில் விட்டால் மொத்த பாரமும் பிரேக் டிரம்மின் தலையில் விழுகிறது. டிரம் சூடேறி லைனிங் பிடிமானத்தை இழக்கும். பதறிப்போய் மிதித்துக்கொண்டே இருந்தால் பிரேக்கை இயக்கும் டேங்கில் இருக்கும் காற்றும் இறங்கும். கியருக்குப் போகலாம் என்றால் அந்த வேகத்தில் கியர் விழாது.

இதில் கொடுமை என்னவென்றால், மிச்சமும் கிடையாது. டீசல் அளவைக் கணினியே கட்டுப்படுத்தும் இன்றைய காமன்ரெயில் எஞ்சின், கியரில் இருக்கும் வண்டி இறக்கத்தில் தானாக உருளும்போது டீசலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். பழைய நம்பிக்கை ஒன்று வாயிலிருந்து வாய்க்கு வந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தட்டிவிட்டுக் கியரைப் போட வைக்கும் ஆள்தான் இல்லை. கணவாயின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். நள்ளிரவில், முந்தாநாள் ஏறிய களைப்போடு, தனியாக இறங்குகிறவர் பலகை படிப்பார் என்று எதிர்பார்க்கிறோம்.

எண்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம், ஏனென்றால் லாரிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற முடிவுக்கு அவை இடம் கொடுக்கவில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. சாவில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம், 17,884. இறந்தவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இரு சக்கர வாகனக்காரர்கள். விபத்து வகைகளில் பின்னாலிருந்து மோதுவது ஐந்தில் ஒரு பங்கு வரும், நின்ற லாரியில் கார் மோதுவதும் இதில்தான் சேரும். அப்புறம், மக்கள் ‘லாரி’ என்று திட்டுகிற வண்டிகளில் பாதி லாரியே இல்லை, பால், காய்கறி, கூரியர் ஏற்றும் குட்டி யானைகளும் பிக்கப்புகளும். 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வண்டிகளைச் சாதாரண கார் லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. அந்த ஓட்டுநர்களுக்கு இடது ஸீட்டுப் பள்ளிக்கூடம் ஆரம்பத்திலிருந்தே கிடையாது.

விபத்துக்குப் பின் ஓடிவிடுகிறார்கள் என்பது இன்னொரு பெரிய குற்றச்சாட்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ம் பிரிவில், விபத்தை ஏற்படுத்தித் தகவல் சொல்லாமல் தப்பிப்போனால் 10 ஆண்டு வரை சிறை என்று சேர்த்தார்கள். 2024 புத்தாண்டன்று வட மாநிலங்களில் லாரிகள் நின்றன, பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது, இரண்டே நாளில் அரசு இறங்கி வந்து, கலந்து பேசிய பிறகே அமல்படுத்துவோம் என்றது, பிறகு அந்த உட்பிரிவை நிறுத்தி வைத்தது. போராடியவர்கள் சொன்னது ஒன்றுதான்: நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும். இது சாக்கு இல்லை என்பதற்குச் சட்டமே சாட்சி. அடிபட்டவருக்கு உதவ வேண்டிய கடமையைச் சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ம் பிரிவு, கும்பலின் கொந்தளிப்பால் முடியாமல் போனால் தவிர என்று விலக்கும் எழுதி வைத்திருக்கிறது. யார் மேல் தப்பு என்று பார்க்காமல் பெரிய வண்டிக்காரனை இறக்கி அடிக்கிற ஊரில், அந்த வண்டிக்காரரிடம் நாம் பண்பை எதிர்பார்க்கிறோம். டிரைவருக்கு மரியாதை இல்லாத ரோட்டில் அவர் மட்டும் மரியாதையைச் சுமந்துகொண்டு போக வேண்டும் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

சில நல்ல மாற்றங்கள் நடக்கின்றன. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம். எஞ்சின் சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் வெந்தவருக்கு இது ஆடம்பரம் இல்லை. டிரைவர்களை ரிலே முறையில் மாற்றி, ஒவ்வொருவரும் சில மணி நேரம் மட்டும் ஓட்டி வீடு திரும்பும் ஏற்பாட்டை 2014-ல் தொடங்கிய ரிவிகோ நிறுவனம் பெரிய அளவில் செய்து காட்டியது. 2022-ல் அதன் முக்கியத் தொழில் மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் கைக்குப் போனது. ஒரே தடத்தில் தினமும் நிறைய வண்டி ஓடினால்தான் ரிலே கட்டுப்படியாகும். இன்று விஜயவாடா, நாளை எங்கே என்று தெரியாத ஒற்றை வண்டிக்காரருக்கு அது ஒத்துவராது.

இடது ஸீட்டுக்கு ஆளைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி ஒன்று நாமக்கல்லிலேயே சமீபத்தில் சண்டையில் முடிந்தது. எரிவாயு டேங்கர்களுக்கான புதிய ஒப்பந்தத்தில் எண்ணெய் நிறுவனங்கள் பல நிபந்தனைகள் வைத்தன. மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாமல் வண்டி வந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்பது அதில் ஒன்று. 2025 மார்ச் கடைசியில் தென்மண்டல டேங்கர் உரிமையாளர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள், சில நாள் கழித்துப் போராட்டம் முடிந்தது. எரிவாயு ஏற்றிய வண்டியில் இரண்டாவது ஆள் வேண்டும் என்பதை யாராலும் தப்பென்று சொல்ல முடியாது. ஒரு நாள் ஆள் வராததற்கு இருபதாயிரமா என்று உரிமையாளர் கேட்பதும் தப்பில்லை, ஏனென்றால் அந்த வேலைக்கு இப்போது யாரும் வருவதில்லை. அந்த ஒப்பந்தத்தில் அபராதத்துக்கு ஓர் எண் போட்ட மாதிரி, கிளீனரின் மாதச் சம்பளத்துக்கும் ஓர் எண் போட்டு, அதைக் கிலோமீட்டர் வாடகையில் தனி இனமாகச் சேர்த்திருந்தால் பேச்சுவார்த்தை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம். சிமெண்ட், இரும்பு, கண்டெய்னர் லோடு கொடுக்கிறவர்களும் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். அவர்கள் யாரும் இன்னும் அபராதம் பற்றிக்கூடப் பேச ஆரம்பிக்கவில்லை.